வாசித்துக் காட்டப்பட்டது

தர்மபுரம்,
கிளிநொச்சி.
03.03.2025

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

வேலு பழனியாண்டி ஆகிய நான் இந்தக் கடிதத்தை என் கையால் எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. போன வருடம் ஆடி மாதம் வரை என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. எங்கள் ஊர் முன்பள்ளியில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து படித்தேன். அருந்ததி டீச்சர் சொல்லித் தந்தார். இதற்கு முன்பும் அரசாங்கத்துக்கு எத்தனையோ மனு போட்டிருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, நான் கைநாட்டு வைத்தவை. இது அப்படியல்ல. இதை நான்கு நாட்களாக எழுதுகிறேன். கை வலிக்கிறது. ஆனாலும் சந்தோசமாக இருக்கிறது.

இனி விடயம். என் மகன் தர்ஷன், முப்பத்து மூன்று வயது, வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தின் ரயில் நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறான். நாட்டின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் அருந்ததி டீச்சர் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறார். அது ஆங்கிலம், எனக்கு இன்னும் வராது. மாசி மாதம், அதாவது பெப்ரவரி, 16ஆம் திகதி அந்த ரயில் நிலையத்தில் குண்டு வைத்தார்கள். முப்பத்தொரு பேர் இறந்தார்கள். என் மகன் அப்போது கழிவறைப் பக்கம் நின்றதால் தப்பினான். அடுத்த நாள் போனில் கதைத்தான். "அப்பா, எனக்கு ஒண்டுமில்லை, காயப்பட்ட ஆக்களைத் தூக்கினதில கைதான் நோகுது" என்றான்.

அதற்கடுத்த நாள் அவன் தங்கியிருந்த இடத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர் எல்லாரையும் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. அவனோடு இருந்த ரூபன் என்ற பிள்ளை வேறு இடத்தில் வேலையாக இருந்ததால் அகப்படவில்லை. அவன்தான் எங்களுக்கு அறிவித்தான். மற்ற நாட்டுக்காரரை அவரவர் தூதரகம் போய், இவர் எங்கள் ஆள், இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி எடுத்துவிட்டதாம். எங்கள் பிள்ளைக்கு இன்னும் யாரும் போகவில்லை.

நமது அரசாங்கம் அந்தக் குண்டுவெடிப்பைக் கண்டித்து அறிக்கை விட்டிருந்தது. கடைக்காரரின் பேப்பரில் அதை நானே வாசித்தேன். அந்த நாட்டு மக்களின் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று நல்ல வார்த்தைகள் இருந்தன. அப்படி எழுதக்கூடியவர்கள் என் மகனுக்காகவும் ஒரு கடிதம் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
வே. பழனியாண்டி (என் கையொப்பம்)

---

கொழும்பு.
12.03.2025

திரு. வே. பழனியாண்டி,
தர்மபுரம், கிளிநொச்சி.

வெளிநாட்டில் தடுத்துவைக்கப்பட்டுள்ள திரு. பழனியாண்டி தர்ஷன் தொடர்பாக

தங்களது 03.03.2025ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது.

மேற்படி நாட்டில் இடம்பெற்ற பயங்கரவாதத் தாக்குதலை எமது அரசாங்கம் வன்மையாகக் கண்டித்துள்ளதுடன், அது தொடர்பான விசாரணைகளுக்கு முழுமையான ஒத்துழைப்பு வழங்குவதாகவும் அறிவித்துள்ளது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் மகன் பற்றிய விபரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன. இதன் பொருட்டுத் தங்களிடம் உள்ளூர் மட்டத்தில் வாக்குமூலம் ஒன்று பெறப்படவுள்ளது. ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

க. சிவதர்சினி,
மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர்,
பணிப்பாளருக்காக,
வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சு.

---

தர்மபுரம்.
24.03.2025

மதிப்புக்குரிய சிவதர்சினி அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் படலையில் நின்று, "பழனியாண்டி ஐயா, கொழும்பில இருந்து பெரிய இடத்துக் கடிதம்" என்று சத்தம் போட்டார். பிரித்து வாசித்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'முழுமையான ஒத்துழைப்பு' என்ற இடத்தில் கொஞ்சம் தடுக்கியது. மற்றதெல்லாம் வாசித்து முடித்தேன். 'திரு' என்று போட்டிருந்தீர்கள். நாங்கள் எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்கள். கூலிக்கு வயலில் இறங்கினால் எங்களைத் 'தோட்டத்தார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். அதனால் அந்தத் 'திரு'வை இரண்டு தரம் வாசித்தேன்.

நீங்கள் சொன்னபடி வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். 20ஆம் திகதி இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொன்னார்கள், எனக்குப் பிடிபடவில்லை. நல்ல மரியாதையான ஆட்கள். கதிரை போட்டேன். தேத்தண்ணீர் குடித்தார்கள். தமிழில் அடித்த தாள் கொண்டுவந்திருந்தார்கள், இரண்டு பக்கம். ஒருவர் மைப்பெட்டியை எடுத்தார்.

"அது வேணாங்க. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும்" என்றேன்.

"அப்ப வாசிக்கவும் தெரியும்தானே, ஐயா?"

"ஓம், தெரியும்."

"அப்ப நாங்கள் வாசிச்சுக் காட்டத் தேவையில்லை" என்று பெட்டியை மூடிவிட்டார்.

என் மனைவி சிவலட்சுமி கதவடியில் நின்று, "என்னங்க, ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்" என்றாள். "எனக்குத் தெரியும்டி, நீ போ" என்றேன். 'வேலு பழனியாண்டி ஆகிய நான்' என்ற முதல் வரியை வாசித்தேன். என் பெயர் அச்சில் அழகாக இருந்தது. இரண்டாவது வரிக்குப் போகும்போது மற்றவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கையெழுத்து வைத்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக வந்தது. "வடிவான கையெழுத்து" என்று அவரே சொன்னார்.

தர்ஷனை எப்போது விடுவார்கள் என்று எழுதவும்.

அன்புடன்,
வே. பழனியாண்டி

---

கொழும்பு.
08.04.2025

மதிப்புக்குரிய ஐயா,

இதை நான் அலுவலகத் தாளில் எழுதவில்லை. இலக்கமும் இல்லை. நான் தங்கியிருக்கும் வீட்டின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி அதற்கே எழுதுங்கள். வாசித்த பிறகு இதை வைத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கையொப்பமிட்ட தாளில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது என நினைக்கிறேன். உங்கள் மகன் ஆயுத இயக்கத்தில் பயிற்சி பெற்றவர், அதற்காகப் புனர்வாழ்வு முகாமில் இருந்தவர், இப்போது யாருடன் தொடர்பு வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது, அவர்மீது எந்த நாடு விசாரணை நடத்தினாலும் உங்களுக்கு ஆட்சேபனை இல்லை. இவ்வளவும் அதில் இருக்கிறது. கடைசி வரி, 'மேலுள்ளவற்றை நானே வாசித்து விளங்கிக் கையொப்பமிடுகிறேன்.'

அதை ஆங்கிலத்துக்கு மாற்றியவள் நான். வந்த அன்றைக்கே மாற்றித் தரச் சொன்னார்கள். கீழே இருந்த கையொப்பத்தைப் பார்த்த பிறகுதான் உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. அதற்குள் இரண்டு தாளும் மேலே போய்விட்டன. நமது ஒத்துழைப்பைக் காட்டும் முதல் ஆவணமாக அதை அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'இந்த நேரத்தில் ஒருவருக்காக மட்டும் பேசப்போனால் நாங்கள் கண்டித்தது வெறும் வாய்ப்பேச்சு என்று நினைப்பார்கள்' என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. நான் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தேன். மறுத்துச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஒரு வழி இருக்கிறது. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எழுத வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் வாக்குமூலம் எடுத்தால் 'வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது' என்று கீழே எழுத வேண்டும். உங்களுடையதில் அது இல்லை. உங்களுக்குப் பெயரை வரைய மட்டும்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கைநாட்டு வைத்தால், அந்த வாக்குமூலம் செல்லாது. அதைத் திருப்பிப் பெறும்படி பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்கலாம். உண்மையில் நடந்ததையும் அந்தக் கடதாசியில் சேருங்கள்.

ஆனால் உங்கள் இரண்டு கடிதங்களும் கோப்பில் இருக்கின்றன. வாசிக்கத் தெரியும் என்று அவற்றில் சந்தோசமாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனது சொந்த இடம் வட்டக்கச்சி. எங்கள் வயலுக்கும் தர்மபுரத்து ஆட்கள் வருவார்கள். நானும் பெயர் கேட்டதில்லை.

சிவதர்சினி

---

தர்மபுரம்.
21.04.2025

சிவதர்சினி அம்மாவுக்கு,

முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. கையெழுத்தை நானே வைத்துவிட்டு உங்கள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம் என்று பிறகு நினைத்தேன். கடிதத்தைச் சிவலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "நான் சொன்னேனே" என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து குசினிக்குள் போனவள்தான். இன்றைக்குப் பத்து நாள். சோறு போடுகிறாள், கதைப்பதில்லை.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம் நாங்கள் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தோம். தர்ஷனுக்குப் பதினேழு வயது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இயக்கக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் ஓடினேன், தள்ளி விட்டார்கள். பத்தொன்பதாம் நாள் தப்பி வந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டி இருந்தார்கள். துவக்கைக் கழற்றிப் பூட்டக் காட்டினார்களாம், ஒரு வெடிகூட அவன் வைக்கவில்லை. பிறகு ஆமிப் பக்கம் வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவனும் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். "பொய் சொல்லாத. பதிஞ்சிடு. உண்மையைச் சொன்னா விட்டிருவாங்க" என்று நான்தான் சொன்னேன். பதினான்கு மாதம் முகாமில் வைத்திருந்தார்கள்.

அதனால் இந்த முறை பொய் சொல்ல எனக்குத் தயக்கம் வரவில்லை.

இங்கே சமாதான நீதவான் எனக்குத் தெரிந்த மனிதர். எங்கள் வகுப்புக்கு வந்து சான்றிதழ் தந்தவரே அவர்தான். அதனால் பஸ் ஏறி முள்ளியவளைக்குப் போனோம். சிவலட்சுமியும் வந்தாள், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அங்கே சமாதான நீதவான் ஒரு வயதான அம்மா, இராசேஸ்வரி என்று பெயர், நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்து, "ஐயா, இப்ப வாசிக்கிறன், கவனமாக் கேளுங்கோ. எங்கயாவது பிழையெண்டா மறியுங்கோ" என்று சொல்லி முழுவதையும் வாசித்தார். ஒரு இடத்தில் திகதி பிழை. மறித்தேன், திருத்தினார். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு எல்லாத் தாளையும் இப்படித்தான் வாசித்துக் காட்டினார்கள். யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

"ஏன் ஐயா அழுறியள்? பெருவிரலைத் தாங்கோ" என்றார். கொடுத்தேன்.

கடதாசி இத்துடன் இருக்கிறது. அருந்ததி டீச்சரிடம் கண் தெரியவில்லை என்று சொல்லி வகுப்பை நிறுத்திவிட்டேன்.

பழனியாண்டி

---

கொழும்பு.
09.05.2025

ஐயா,

கடதாசியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முதல் வாக்குமூலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று இரண்டாவது குறிப்பு அந்த நாட்டுக்குப் போயிருக்கிறது. அதில் கடிந்து ஒரு வார்த்தையும் இல்லை. முதல் பந்தியில் மறுபடியும் தாக்குதலைக் கண்டித்து, இரண்டாவது பந்தியில் நன்றி சொல்லி, மூன்றாவதில்தான் உங்கள் மகனின் பெயர் வருகிறது. ஆனாலும் வருகிறது. ஆனி மாதத்தில் தூதரகத்திலிருந்து ஒருவர் அவரைப் பார்க்க அனுமதி கிடைக்கலாம்.

பணிப்பாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "அந்தத் தகப்பன் கடிதம் போட்டதாக ஞாபகம், எங்கே?" என்று கேட்டார். "டீச்சர் ஒருவர் எழுதிய விபரத்தாள்தான் இருக்கிறது, சேர்" என்றேன். உங்கள் கடிதங்கள் இரண்டும் என் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கின்றன. எட்டு வருடச் சேவையில் ஒரு தாளும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இரண்டு நாள் நித்திரை இல்லை. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

இனி அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் உங்கள் பெயருக்கு வராது. வாசிக்கத் தெரியாதவர் என்று பதிந்திருப்பதால் கிராம அலுவலருக்கு வரும். அவர் உங்களுக்கு வாசித்துக் காட்டி, 'வாசித்துக் காட்டப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் முன்னாலோ வேறு யார் முன்னாலோ தயவுசெய்து எதையும் வாசித்துவிடாதீர்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூட.

சிவதர்சினி

---

தர்மபுரம்.
11.06.2025

சிவதர்சினி அம்மாவுக்கு,

இன்று காலை பத்து மணிக்குக் கிராம அலுவலர் கோகுலன் தம்பி ஆள் அனுப்பினார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நான் வகுப்புக்குப் போனது அவருக்குத் தெரியாது. சைக்கிளில் போனேன். மேசையில் உங்கள் அலுவலகக் கடிதம் இருந்தது. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாக இருந்தது.

"இருங்கோ ஐயா. கொழும்பால வந்திருக்கு. வாசிக்கிறன்" என்றார். முதல் பந்தியைச் சத்தமாக வாசித்தார். கடந்த மாசி மாதம் இடம்பெற்ற கொடூரமான தாக்குதல் தொடர்பில் இரு அரசாங்கங்களும் நெருங்கிய ஒத்துழைப்புடன் செயற்பட்டு வருகின்றன என்று இருந்தது. பக்கத்தில் காணி விசயமாக வந்த நாகேஸ்வரி அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய சத்தம் நின்றது. கண் மட்டும் கீழே போனது.

நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். படித்த கண், அம்மா, பார்த்தால் வாசித்துவிடுகிறது. தலைகீழாக இருந்தும், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. 'திரு. பழனியாண்டி தர்ஷன்.' அடுத்தது திகதி, மே 29. அதற்கடுத்தது 'தடுப்பில் இருந்த வேளையில்'. அதற்கடுத்த சொல்லை வாசிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாசித்தேன்.

கோகுலன் தம்பி தாளை மடித்தார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஐயா, தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்கினமாம். மிச்சத்தை நான் கொழும்போட கதைச்சுப் போட்டுச் சொல்லுறன்" என்றார். "பின்னேரம் நானே வீட்ட வாறன். அம்மாவையும் நிக்கச் சொல்லுங்கோ. சொந்தக்காரர் ஆரும் கிட்டடியில இருக்கினமோ?"

"சுதாகரன் இருக்கிறார், சிவலட்சுமிட தம்பி" என்றேன்.

"அவரையும் வரச் சொல்லுறன்" என்றார்.

நல்ல பிள்ளை. நாலு பேர் கூடி நின்று மெல்லச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார். எங்களிடம் அப்படித்தான் சொல்வார்கள். நான் தலையாட்டினேன். "நல்லாப் பாக்கிறாங்களாமா?" என்று கேட்டேன். வாசிக்கத் தெரியாதவன் அதைத்தானே கேட்பான். அவர் ஓம் என்றார். நாகேஸ்வரி அக்கா, "ஒண்டும் நடவாது அண்ணை, யோசியாதேங்கோ" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். ஏறி ஓட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவலட்சுமி ஓடி வந்தாள். "என்னங்க எழுதியிருக்கு?" சித்திரைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கோகுலன் தம்பி சொன்னதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம் என்று. அவள் இரண்டு கையையும் கும்பிட்டாள்.

"அப்ப கூண்டுக்குள்ள இல்ல! கட்டில்ல படுக்க வச்சிருக்காங்க! உங்க கைநாட்டு வேலை செஞ்சிருச்சுங்க."

தலை முழுகி அம்மன் கோயிலுக்குப் போகப்போகிறேன் என்று கிணற்றடிக்குப் போனாள். போகும்போது, "இத்தனை நாளாக் கதைக்காம இருந்திட்டேன், மனசில வைக்காதீங்க" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கிணற்றடி வரை போனேன். சொன்னால் அவள் போடும் சத்தம் இந்தத் தெரு முழுக்கக் கேட்கும். கோகுலன் தம்பி வரும் முன்பே உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேள்வி அங்கிருந்து உங்கள் அலுமாரிக்கு வந்துவிடும். என் பிள்ளைக்காக வேறு யாரும் ஒரு தாளைத் தொடவில்லை. நீங்கள் தொட்டீர்கள். உங்களை மாட்டிவிட மாட்டேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்குப் பின்னேரம் வரை நேரம் இருக்கிறது. அதை நான் எடுக்கக் கூடாது.

அந்தக் கடிதத்தை அடித்தது நீங்கள்தான் என்று தெரியும். எனக்கு முன்கூட்டி எழுத உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. அல்லது கை வந்திருக்காது. கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவனைப் பார்க்க ஆனி மாதம் ஒருவர் போவார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்பே யாராவது போனார்களா? மே 29க்கு முன் நம் ஆள் ஒருவரின் முகத்தை அவன் பார்த்தானா? பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான் வாசிப்பேன்.

அந்த இரண்டு கடிதங்களையும் இன்றைக்கே எரித்துவிடுங்கள். உடல் வர இன்னும் எத்தனையோ தாள் வரும், எல்லாவற்றுக்கும் கைநாட்டுத்தான் வைப்பேன். யாராவது வாசித்துக் காட்டட்டும்.

சிவலட்சுமி கோயிலால் வந்துவிட்டாள். தலை ஈரம் காயவில்லை. திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினாள். நான் மேசையில் குனிந்திருப்பதைப் பார்த்து, "யாருக்குங்க, தம்பிக்கா எழுதுறீங்க? ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"நல்லாச் சாப்பிடச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். பின்னால் சுதாகரனும் வேறு இரண்டு பேரும் நடந்து வருகிறார்கள். சிவலட்சுமி சிரித்துக்கொண்டு போகிறாள். "வாங்க தம்பி, உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்கிறாள். நான் இதை மடித்துச் சட்டைக்குள் வைக்கிறேன். இப்போதுதான் முதல் தரம் கேட்பவனைப்போல் நான் போய் நிற்க வேண்டும்.